இளம் பணியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் பணிச்சூழலை எதைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள்? கருத்துக்கணிப்பில் அவர்கள் தரும் மதிப்பெண்ணை நம்பலாமா?

சோழிங்கநல்லூரில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். ஆண்டுதோறும் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுப்பது என் பொறுப்பு. நான் பார்த்தவரையில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆனவர்கள், சங்கடமான ஒரு செய்தியைத் தங்கள் மேலாளரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்பதை வைத்தே நிறுவனத்தை எடைபோடுகிறார்கள். எங்கள் துறையில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பதுதான் வழக்கம். ஆனால் லீவு கேட்கும்போது மட்டும் பல பிள்ளைகளின் வாயில் 'சார்' தானாக வந்துவிடும்.

அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான காலப், பணிச்சூழலை அளக்க ஊழியர்களிடம் கேட்கும் புகழ்பெற்ற பன்னிரண்டு கேள்விகளில் ஒன்று, பணியிடத்தில் யாராவது உங்களை ஒரு மனிதராக எண்ணி அக்கறை காட்டுகிறார்களா என்று கேட்கிறது. எங்கள் படிவத்திலும் அதையொத்த கேள்வி இருந்தது. ஒரே தளம், ஒரே கேன்டீன், ஏறக்குறைய ஒரே சம்பளம்; ஆயினும் அடுத்தடுத்து அமர்ந்திருந்த இரு குழுக்களின் பதில்கள் இந்தக் கேள்வியில்தான் மிக அதிகமாக வேறுபட்டன.

வேலை நேரத்தையும் சொல்ல வேண்டும். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னதும், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியனின் 90 மணி நேரப் பேச்சு வெளியானதும் பெரும் விவாதமாயின. எங்கள் ஊழியர்கள் எழுதிய குறைகளிலோ, வீட்டுக்குக் கிளம்பும் மாலை ஆறரை மணிக்குத் திடீரென அறிவிக்கப்படும் மீட்டிங்குகளே திரும்பத் திரும்ப வந்தன.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெயர் கேட்காத படிவம் என்றுதான் நாங்களும் சொன்னோம். ஆனால் குழு, பாலினம், அனுபவம் ஆகிய மூன்றையும் அதில் கேட்டிருந்தோம்; ஆறு பேர் கொண்ட குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தால், அவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெயர் தேவையில்லை. ஒருமுறை, அமெரிக்க வாடிக்கையாளருடனான இரவு அழைப்புகளால் தூக்கமே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்ததை, அவருடைய மேலாளர் குழுக் கூட்டத்தில் உரக்க வாசித்து, எழுதியது யார் என்று கேட்டார். மறு ஆண்டு அந்தக் குழுவில் அனைவரும் எல்லாக் கேள்விகளுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுத்தார்கள். நான் அதை முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதினேன். இன்றும் அதற்காக வருந்துகிறேன். நிறுவனங்களைப் பற்றி ஊழியர்கள் கருத்து எழுதும் ஆம்பிஷன்பாக்ஸ் போன்ற இணையதளங்களில் வேலையை விட்டுச் சென்றவர்கள் எழுதியவற்றைப் பிறகு படித்தபோதுதான் அந்த ஐந்துகளின் பொருள் எனக்கு விளங்கியது.

ஆகவே, எல்லாரும் முழு மதிப்பெண் கொடுக்கும் குழுவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அடுத்து நான் சேர்ந்த இடத்தில், ஐந்து பேருக்குக் குறைவான பிரிவுகளின் முடிவுகளைத் தனியே காட்டுவதில்லை என்றும், எழுத்துக் கருத்துகளை மேலாளர்களுக்கு அப்படியே அனுப்புவதில்லை என்றும் முடிவு செய்தோம். முதல் ஆண்டில் மதிப்பெண் குறைந்தது, நிர்வாகம் கவலைப்பட்டது. ஆனால் அதுவரை கருத்துக் கட்டத்தில் 'நன்று' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்ட பலர், அந்த ஆண்டு முழு வாக்கியங்களாக எழுதியிருந்தார்கள்.