மீன் அமிலம், பஞ்சகவ்யம், எலும்புத் தூள்: காசு கொடுத்து வாங்கும் முன்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் மூன்று ஏக்கரில் நெல் சாகுபடி செய்கிறேன். ஏக்கருக்கு ஒரு லிட்டர் மீன் அமிலம் தெளித்தால் யூரியாவே தேவையில்லை என்று உரக்கடைக்காரர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: மீன் அமிலம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் யூரியாவுக்கு மாற்று என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம், ஏனெனில் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஒரு டன் நெல் விளைய, பயிர் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு இரண்டு டன் விளைச்சல் என்று வைத்துக்கொண்டால் 30 முதல் 40 கிலோ வேண்டும். கடைக்காரரின் புட்டியில் 5 சதவீதம் தழைச்சத்து இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் 50 கிராம்தான் இருக்கும். நூறு கிராமுக்குச் சற்றே கூடுதலான யூரியாவில் உள்ள தழைச்சத்து அவ்வளவுதான்.

அப்படியானால் தெளித்தவுடன் பயிர் பச்சை கட்டுவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நொதித்த மீன் கழிவில் புரதம் சிதைந்து அமினோ அமிலங்களாக இருப்பதால், இலைவழியாகக் கிடைக்கும் சிறு அளவும் விரைவில் வேலை செய்கிறது. தூர் கட்டும் பருவத்தில் அது ஓர் ஊக்கம். அடியுரமும் மேலுரமும் செய்யும் வேலையை அது செய்யாது. அந்த வேலைக்கு ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போடுங்கள். தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்றாலும் 5 டன்னில் 25 கிலோ சேர்கிறது, அதில் ஒரு பகுதி அடுத்த போகத்துக்கும் மிஞ்சும்.

இந்தப் பொருளை வீட்டிலேயே செய்வது மிக எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன் சந்தையில் கிடைக்கும் கழிவையும் அதே எடை நாட்டுச் சர்க்கரையையும் கலந்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் நிழலில் வைத்தால், கெட்ட நாற்றம் போய்ப் பழ வாசனை வரும், அதுதான் பதம். வடிகட்டிப் பத்து லிட்டர் டேங்குக்கு 50 முதல் 100 மில்லி கலந்தால் போதும். புட்டியில் வாங்குவதானால், 'அமினோ அமிலம்' என்று பொதுவாக எழுதியிருப்பது மீனிலிருந்து எடுத்ததுதானா என்று கேளுங்கள். இப்படிப் பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் அடங்கிய உயிரியல் ஊக்கிகள் என்ற வகை 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டது. அதில் இறகு, தோல் போன்ற விலங்குப் பொருள்களிலிருந்து எடுத்த சிலவற்றுக்குத் தந்திருந்த அனுமதியை ஒன்றிய அரசு 2025-இல் விலக்கிக்கொண்டது. ஆகவே மூலப்பொருளைச் சொல்லாத புட்டியைத் திருப்பி வைத்துவிடுவதே நல்லது.

கேள்வி: பஞ்சகவ்யம் லிட்டர் 150 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே கேன் உப்பிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா? நல்ல பஞ்சகவ்யத்தை எப்படி அறிவது?

பதில்: உப்பியதாலேயே கெட்டது என்று ஆகிவிடாது. அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள் நொதித்துக்கொண்டே இருக்கின்றன. வாயு வெளியேற வழியில்லாமல் இறுக மூடினால் எந்தக் கேனும் உப்பத்தான் செய்யும். மூடியைத் தளர்த்தி நிழலில் வையுங்கள், நாள்தோறும் இருமுறை கலக்கிவிடுங்கள். பார்க்க வேண்டியது வாசனையைத்தான். புளித்த இனிப்பு வாசனை இருந்தால் சரி, அழுகிய பிண நாற்றம் அடித்தால் திருப்பிக் கொடுங்கள். புழு நெளிந்தால், தயாரித்தவர் ஈ புகாமல் துணியோ வலையோ கட்டவில்லை என்று பொருள்.

கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தன் பரிந்துரைகளில் சேர்த்திருக்கிறது. சாணம் 7 கிலோவையும் நெய் 1 கிலோவையும் பிசைந்து மூன்று நாள் வைத்து, கோமியம் 10 லிட்டரும் தண்ணீர் 10 லிட்டரும் சேர்த்துப் பதினைந்து நாள் கலக்கிவர வேண்டும். அதன்பின் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, கனிந்த பூவன் பழம் 12 சேர்த்தால் முப்பதாம் நாள் ஆயத்தமாகிவிடும். இந்தப் பட்டியலில் விலை கூடியது நெய். மலிவாக விற்பவர் முதலில் கைவைப்பதும் அதில்தான் என்பது என் சந்தேகம். தயாரித்த தேதியையும் சேர்த்த பொருள்களையும் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

செலவையும் பாருங்கள். நெல்லுக்கு நட்ட 10, 15, 30, 50-ஆம் நாள்களில் 3 சதவீதக் கரைசலைத் தெளிக்கச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு தடவைக்கு 6 லிட்டர், நான்கு தடவைக்கு 24 லிட்டர் ஆகும். நீங்கள் கொடுத்த விலையில் 3,600 ரூபாய். மேலே சொன்ன அளவில் ஒருமுறை தயாரித்தாலே ஏறக்குறைய 35 லிட்டர் கிடைக்கும். மாடு வைத்திருப்பவர் இதைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாடு இல்லாதவர், அக்கம்பக்கத்தில் தயாரிப்பதை நேரில் பார்த்து வாங்கலாம். தெளிக்கும் முன் நன்றாக வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டு அரை நாள் வீணாகும்.

கேள்வி: திருப்பூர் பக்கம் மக்காச்சோளத்துக்கு அடியுரமாக எலும்புத் தூள் போட நினைக்கிறேன். மூட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மூட்டைக்கு முன் மண்ணைப் பாருங்கள். எலும்பிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) சுண்ணாம்போடு பிணைந்திருக்கிறது; புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் அது மெல்லக் கரைந்து பயிருக்குக் கிடைக்கும். உங்கள் பகுதியில் பரவலாக உள்ள சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் அது பெரும்பாலும் கரையாமல் கிடக்கும். மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 7-க்கு மேல் வந்தால் அந்தப் பணத்தை ஆட்டு எருவுக்குச் செலவிடுங்கள்.

மண் பொருந்தினால், பச்சை எலும்புத் தூளா ஆவியில் வேகவைத்ததா என்று பாருங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பச்சைத் தூளில் மொத்த மணிச்சத்து 20 சதவீதமும், வேகவைத்ததில் 22 சதவீதமும் குறையாமல் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது சிட்ரிக் அமிலத்தில் கரையும் பங்கு: பச்சையில் 8, வேகவைத்ததில் 16. பயிருக்கு விரைவில் எட்டுவது இந்தப் பங்குதான் என்பதால் விலையை ஒப்பிடும்போது இந்த எண்ணைக் கொண்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி: நாமக்கல்லிலிருந்து கோழி எரு டிப்பர் கணக்கில் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். கோழி எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். தொழுவுரத்தைப்போல் ஆறு மடங்கு. ஆனால் டிப்பர் கணக்கில் வாங்காமல் எடைமேடையில் ஏற்றி எடைக்கு வாங்குங்கள், அதுவும் காய்ந்த எருவாக. ஈர எருவில் பாதிக் காசு தண்ணீருக்குப் போகும். கூண்டுக்கோழி எருவா, தரையில் உமி பரப்பிய கொட்டகையின் எருவா என்றும் கேளுங்கள், பின்னதில் உமியின் பங்கு கணிசமாக இருக்கும். அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தால் அது இன்னும் மக்கவில்லை. அப்படியே போட்டால் இளம்பயிர் கருகும்.

கேள்வி: இலைக்கருகலும் படைப்புழுவும் ஒரே தெளிப்பில் போய்விடும் என்று எழுதியிருந்த 'கோமியக் கரைசல்' வாங்கித் தெளித்தேன். பயன் இல்லை. பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: உண்டு. பூச்சியையோ நோயையோ கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கும் பொருள், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். புட்டியில் பதிவு எண் இல்லையென்றால், மாவட்ட வேளாண்மை அலுவலகத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். பாக்டீரியாவால் வருவதும் புழுவால் வருவதும் வெவ்வேறு கேடுகள். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று எழுதியிருப்பதே ஐயத்துக்குரியது. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு, லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் புதுச்சாணம் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை வடிகட்டி, அறிகுறி தெரிந்தவுடன் ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் தெளிக்கலாம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

விற்றவர் பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது. விளைச்சலை விற்கிறவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில், விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ரசீதையும் புட்டியையும் வைத்திருங்கள், வயலைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கரைசலில் மிச்சம் ஏதும் இருந்தால் அதை வேறு பயிருக்குத் தெளித்துவிடாதீர்கள். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னால் அந்த மிச்சம்தான் தேவைப்படும்.