யார் அளந்தால் செல்லும்?

அன்புள்ள ஐயா,

குடிமக்கள் அறிவியல் பற்றிய, அதாவது சாதாரண மக்களே காற்றையும் நீரையும் அளந்து தரவு சேர்ப்பது பற்றிய, உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் சில மாநிலங்கள் தன்னார்வலர்களின் வாயை அடைக்கச் சட்டம் போடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் லூசியானாவில், பேட்டன் ரூஜில் வசிக்கிறேன். கருவிகளோடு புழங்கும் பொறியாளன். காற்று மாசை அளக்கும் முந்நூறு டாலர் சென்சார் ஈரமான நாளில் காட்டும் எண்ணை வைத்து ஓர் ஆலையைக் குற்றம் சாட்டலாமா? தரமான கருவி வேண்டும் என்று சட்டம் கேட்பதில் என்ன தவறு? அடுத்தவர் நிலத்தில் நுழைந்து மாதிரி எடுப்பதையும் எப்படி நியாயப்படுத்துவீர்கள்? எங்கள் பகுதிக் குழு ஒன்று என் வீட்டுச் சுவரில் சென்சார் மாட்டக் கேட்கிறது. தயக்கமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நிலத்தில் நுழைவதை முதலில் பார்த்துவிடலாம். அடுத்தவர் நிலத்தில் அனுமதியின்றி நுழைவது தவறு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 2015-இல் வயோமிங் மாநிலம் போட்ட சட்டம் கைவைத்தது வேறொன்றில். அங்கே ஏறக்குறைய பாதி நிலம் கூட்டரசுக்குச் சொந்தம். அதில் மாடு மேய்க்கப் பண்ணைக்காரர்கள் உரிமம் பெறுகிறார்கள். ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு அந்த ஓடைகளில் தண்ணீர் எடுத்து, சாணக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமியைச் சோதித்து, முடிவுகளை மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குக் கொடுத்துவந்தது. பண்ணைக்காரர்கள் 2014-இல் அந்த அமைப்பின் மீது அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டமும் வந்தது.

அத்துமீறல் அங்கே ஏற்கெனவே குற்றம்தான். தெரிந்தே நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, 750 டாலர் வரை அபராதம். புதிய சட்டத்தில், அப்படி நுழைந்து தரவு எடுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். எல்லை தாண்டியது உங்களுக்குத் தெரியாது என்றாலும் தப்பமுடியாது. ஒரே வேலியை இரண்டு பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சும்மா நடந்துவிட்டுத் திரும்புகிறார். இன்னொருவர் ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அரசுத் துறைக்குக் கொடுக்க நினைக்கிறார். கூடுதல் தண்டனை இரண்டாமவருக்கு மட்டும்தான். அந்தத் தரவை அரசுத் துறைகள் தங்கள் பதிவுகளிலிருந்து நீக்கவும் வேண்டும். தண்ணீர் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தாலும் இதே நிலைதான். இது நிலத்தைக் காக்கும் சட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2016-இல், தனியார் நிலத்துக்கு மட்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் தனியார் நிலத்தைக் கடந்துபோய் பக்கத்துப் பொது நிலத்தில் தரவு எடுத்தாலும் குற்றம் என்ற பகுதியைச் சேர்த்தார்கள். தெற்கு வயோமிங்கில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டங்களாக மாறிமாறிக் கிடக்கும் பகுதிகள் உண்டு. அங்கே இதன் விளைவு எப்படியிருக்கும் என்று பாருங்கள். 2017-இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலத்தில் தரவு சேகரிப்பதும் பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வரும் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2018 அக்டோபரில் கீழ் நீதிமன்றம் சட்டத்தின் அந்தப் பகுதியைச் செல்லாது என்றது. எழுதிவைப்பதும் பேச்சின் தொடக்கமே என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, உங்கள் சென்சாருக்கு வருகிறேன். மலிவான சென்சார் ஈரப்பதத்தில் கூட்டிக் காட்டும் என்று நீங்கள் சொல்வது உண்மை. அதை வைத்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்ன செய்தது தெரியுமா? வீடுகளில் மாட்டிய பர்ப்பிள்ஏர் என்ற மலிவு சென்சார்களைத் தன் தரமான கருவிகளோடு ஒப்பிட்டு, ஈரப்பதத்தையும் கணக்கில் எடுக்கும் ஒரு திருத்தச் சூத்திரம் கண்டது. 2020 முதல் காட்டுத்தீப் புகை வரைபடத்தில் அந்த எண்களைக் காட்டிவருகிறது. குறை தெரிந்த கருவியிலிருந்து பயன் எடுக்க வழி இருக்கிறது.

லூசியானா 2024-இல் வேறு வழியில் போனது. சமூகக் காற்றுக் கண்காணிப்பு பற்றிய சட்டத்தின்படி, ஓர் ஆலை விதியை மீறுகிறது என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கூட்டரசு முகமை அங்கீகரித்த முறைகளும் கருவிகளும்தான் வேண்டும். அந்தக் கருவி பல்லாயிரம் டாலர். இந்தச் சட்டத்தைக் குழுக்கள் மீறினால் நாளொன்றுக்கு 32,500 டாலர் வரை அபராதம், வேண்டுமென்றே செய்தால் பத்து லட்சம் டாலர் வரை. பேட்டன் ரூஜ் முதல் நியூ ஆர்லியன்ஸ் வரை ஆற்றங்கரையோரம் ஆலைகளுக்கு நடுவே வாழும் குழுக்கள் 2025 மே மாதம் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. தங்கள் அளவீடுகளைப் பொதுவில் பகிரவே அஞ்சுகிறோம் என்பது அவர்கள் முறையீடு. தரம்தான் நோக்கம் என்றால், சந்தேகத்துக்குரிய எண் வந்ததும் அரசே தன் கருவியோடு வந்து சரிபார்க்க வேண்டும் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

உங்கள் மாநிலத்திலேயே இதற்கு முன்கதை உண்டு. நார்கோவில் ஷெல் ஆலைக்குப் பக்கத்தில் வசித்த கறுப்பின மக்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்து, காற்றை உறிஞ்சி, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எளிய கருவி, ஆனால் பகுப்பாய்வு ஆய்வகத்தில் நடந்தது. 2002-இல் ஷெல் அவர்கள் இடம்பெயர வீடுகளை வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டபோது, அந்த மாதிரிகளும் போராட்டத்தின் ஆதாரங்களில் ஒன்றாக இருந்தன. இதே வாளி முறையை நம் கடலூர் சிப்காட் பக்கத்துக் கிராமத்தினரும் கற்றுக்கொண்டு 2004-இல் பயன்படுத்தினார்கள். நாற்றம் அடிக்கும் நேரத்தில் அங்கே இருப்பவர் ஊர்க்காரர்தான். அதிகாரி மறுநாள் வருவார், அதற்குள் காற்று மாறியிருக்கும்.

தரக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வர்ஜீனியா சட்டத்தைப் பாருங்கள்: 2010-க்குள் 3,000 மைல் ஓடைகளைத் தன்னார்வலர்கள் கண்காணிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த முடிவுகளைத் தண்டனை நடவடிக்கையில் ஆதாரமாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியது. இரண்டாவது பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அளப்பவரை அது குற்றவாளி ஆக்கவில்லை, எங்கே மேலும் தேட வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொள்கிறது. அயோவாவின் நம்பகத் தரவுச் சட்டம் இன்னும் இறுக்கமானது. அங்கேயும், அரசுத் துறை ஒப்புக்கொண்ட திட்டப்படி தன்னார்வலர் அளந்தால் அவர் தரவு ஏற்கப்படும்.

மாட்டலாமா என்று கேட்டீர்கள். மாட்டுங்கள். நான் புரிந்துகொண்டவரை, சட்டத்தின் பிடி சென்சாரின் மேல் இல்லை, அதன் எண்ணை வைத்து என்ன சொல்கிறோம் என்பதில்தான். எனவே எண்களை வெளியிடும் முன் அந்தக் குழு தன் வழக்கறிஞரைக் கேட்டதா என்று விசாரியுங்கள். நான் வழக்கறிஞன் இல்லை. அப்புறம், கருவிகள் தெரிந்த நீங்கள் அந்தக் குழுவுக்கு மிகவும் தேவைப்படுவீர்கள்: அவர்களுடைய சென்சார்களை அருகிலுள்ள அரசு நிலையத்தின் எண்களோடு ஒப்பிட்டுத் திருத்தித் தர ஆள் வேண்டும். இரவில் வாடை வந்தால் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்துக்கொண்டு மாநிலத் துறைக்குப் புகார் சொல்லுங்கள். உங்கள் மூக்கில் பட்டதைச் சொல்ல அங்கீகரித்த கருவி எதுவும் தேவையில்லை.

அன்புடன்