தம்பிக்கு எதுக்கு அந்த அஞ்சு கேள்வி?

அண்ணா, வணக்கம். தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதான் மனச்சிதைவு நோய். மாத்திர ஒழுங்கா போடுறான், காதுல குரல் கேக்குறது நல்லாவே கொறஞ்சிருக்கு. போன தடவ ஊட்டிக்கு காட்டப் போனப்ப புது டாக்டரம்மா ஒரு பேப்பர் குடுத்தாங்க, சந்தோஷமா இருக்கியா, காலைல ஃப்ரெஷ்ஷா எந்திரிக்கிறியான்னு அஞ்சு கேள்வி. நேரமாச்சுன்னு நானே டிக் அடிச்சுக் குடுத்துட்டேன். அப்புறம் உனக்கு என்னெல்லாம் நல்லா வரும்னு அவன்கிட்ட வேற கேட்டாங்க. நோயாளிகிட்ட இதெல்லாம் கேட்டு என்ன பண்ணப் போறாங்க?
வாசகி, கோத்தகிரி

தங்கச்சிக்கு வணக்கம்.

குளிர்ல பஸ் புடிச்சு வந்து ஓபில காத்துக் கெடந்துட்டு கடைசில ஒரு பேப்பர நீட்டுனா எரிச்சல் வரத்தான் செய்யும். நீங்க சொல்றத பாத்தா அது டபிள்யூஹெச்ஓ-5 மாதிரி இருக்கு, மனசு எவ்ளோ நல்லா இருக்குன்னு பாக்க உலக சுகாதார நிறுவனம் போட்ட படிவம், 1998லேர்ந்து புழக்கத்துல இருக்குறது. கடந்த ரெண்டு வாரம் எப்படி போச்சுன்னு அஞ்சே கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 5, கூட்டி நாலால பெருக்குனா நூத்துக்கு எவ்ளோன்னு வந்துரும். நோயப் பத்தி அதுல ஒரு வார்த்த இருக்காது, வேணும்னேதான் அப்படி.

கோரி கீஸ்னு அமெரிக்க சமூகவியல் ஆளு ஒருத்தர் 2002லயே எழுதுனாரு, நோய் இல்லாம இருக்குறது வேற, நல்லா இருக்குறது வேற, ரெண்டையும் தனித்தனியா பாக்கணும்னு. குரல் சுத்தமா நின்னு போயி நாள் பூரா மோட்டுவளையப் பாத்துப் படுத்திருக்கவனும் உண்டு, குரல் லேசா கேட்டுட்டே எஸ்டேட்டுக்குப் போயி கொழுந்து எடை போட்டுட்டு கூட இருக்கவங்களோட டீ குடிச்சு சிரிச்சுட்டு வர்றவனும் உண்டு, நோய மட்டும் அளந்தா மொத ஆளுதான் தேவலைன்னு ஃபைல்ல ஏறும், அது நியாயமா சொல்லுங்க.

அதுக்காக அந்த நம்பரே வேதம் கெடையாது. மேனியால, அதாவது மனசு அளவுக்கு மீறிப் பொங்கி நிக்கிற நோய்ல இருக்கவரு நூத்துக்கு நூறு கூடப் போடுவாரு, அத பாத்து யாரும் சந்தோஷப்பட முடியாது. ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் குடுக்குற ஓலன்சபின் மாதிரி மாத்திர போடுறவருக்கு காலைல மந்தமா இருக்கும், அந்தக் கேள்வில மார்க் கொறையும்.

உனக்கு என்ன நல்லா வரும்னு ரெண்டாவது கேட்டதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. பீட்டர்சன், செலிக்மேன்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆளுங்க 2004ல மனுஷனோட பலம்னு 24 பிரிச்சு வச்சாங்க, அதுக்கான பழைய படிவத்துல 240 கேள்வி, ஓபில உக்காந்து எவன் போடுவான்? மனச்சோர்வுல இருக்கவங்க எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னே போட்டுட்டுப் போயிருவாங்க வேற. டாக்டரம்மா வாயால கேட்டது கெட்டிக்காரத்தனம். தம்பி என்ன பதில் சொன்னான்? கடிதத்துல அத விட்டுட்டீங்களே!

நீங்க டிக் அடிச்சத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், அது உங்க அளவு, அவனுது இல்ல. அடுத்த தடவ அவனே போடட்டும், படிக்க சிரமம்னா நீங்க வாசிச்சுக் காட்டுங்க, இதப் போடு அதப் போடுன்னு எடுத்துக் குடுக்காதீங்க. அடுத்த வீட்டுப் பையனோட மார்க்கோட ஒப்பிடாம அவனோட பழைய நம்பரோட பாருங்க, பத்து பாயிண்ட் ஏறுனாலோ எறங்குனாலோ கவனிக்கணும்ங்கிறாங்க. காலைல எந்திரிக்கவே முடியலன்னு போட்டான்னா அத டாக்டரம்மாகிட்ட வாயத் தொறந்து சொல்லிருங்க, நீங்களா மாத்திரயக் கொறைக்க வேண்டாம்.