ஏற்காட்டில் ஸ்வீட்ரோல் ஏன் அமுங்குது?

ஸ்கைரிம் வீடியோ கேம்ல வர்ற ஸ்வீட்ரோல் கேக் சேலத்துல நல்லா வந்துச்சு, ஏற்காட்டுல அதே அளவுக்கு நடுவுல அமுங்கி அச்சிலேயே ஒட்டிக்கிச்சுன்னு கேட்டிருந்தீங்க. கைப்பக்குவத்துல தப்பில்ல, உயரம்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்; காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் கிளப்புற வாயு சட்டுனு விரிஞ்சு, மாவு வெந்து இறுகுறதுக்குள்ள வெளியேறிடும். 2 டீஸ்பூன் போட்டிருந்தா ஒன்றரையா குறைங்க. கப் மைதாவுக்கு 1 டேபிள்ஸ்பூன் பால் கூட்டுங்க. ஓவன் 180 இல்ல, 190 டிகிரி; 5 நிமிஷம் முன்னாடியே குச்சி விட்டுப் பாருங்க.

ஒட்டுறது அச்சோட வரிப்பள்ளத்தால. உருக்கின வெண்ணெயை ஒவ்வொரு பள்ளத்துலயும், நடுக்குழாய்லயும் பிரஷ்ஷால தடவி, மைதா தூவித் தட்டிடுங்க. எண்ணெய் வேண்டாம், வழிஞ்சு அடியில தேங்கிடும். வெந்ததும் 10 நிமிஷம் விட்டுக் கவுத்துங்க. அச்சுக்குள்ளயே முழுசா ஆறினா மறுபடி பிடிச்சுக்கும். ஐசிங் மட்டும் நல்லா ஆறினப்புறம் ஊத்துங்க, இல்லேன்னா உருகி தட்டுலதான் கிடக்கும்.