தேக்கு கண்டெய்னரும் கப்பல் அடித்தளமும்: துறைமுகப் பாதுகாப்பு கேள்வி-பதில்

கே: காரைக்குடியில் மரவாடி வைத்திருக்கிறேன். தூத்துக்குடியில் இறங்கும் தேக்கு கண்டெய்னரோடு வாடிக்கே வருகிறது. கதவைத் திறந்ததும் ஆட்களுக்குத் தலைசுற்றல், கண் எரிச்சல். ஏன்?

ப: பூச்சி சாக அடித்த மருந்தாக இருக்கலாம். வெளிநாட்டு மரத்துக்கு மீத்தைல் புரோமைடு வாயு அடிப்பது வழக்கம். நிறமில்லை, வாசனையும் அநேகமாகத் தெரியாது. காற்றைவிடக் கனமானதால் கட்டைகளுக்கு இடையே தேங்கி நிற்கும். கதவில் மண்டையோட்டுப் படம் இல்லை என்று நம்பி ஏறிவிடாதீர்கள், அது வழியிலேயே கிழிந்திருக்கலாம். மருந்து அடித்த சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கதவைத் திறந்துவிட்டு ஆட்களை விலக்கி நிறுத்துங்கள். கருவி வைத்து வாயுவை அளந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். தலைசுற்றியவர்களை இன்றே மருத்துவரிடம் காட்டி, மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வரும்.

கே: மகன் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறான். கப்பலுக்குள் மரமே மூச்சடைக்கும் என்கிறானே, நிஜமா? (தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி)

ப: நிஜம்தான் ஆச்சி. மூடிய அறையில் நாள்கணக்கில் கிடக்கும் மரம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன், அங்கே 10 சதவீதத்துக்கும் கீழே போகலாம். மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது, இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். மரம் இருக்கும் அறை மட்டுமல்ல, அதற்கு இறங்கும் ஏணிக்கூண்டிலும் இதே கதிதான்.

நம் பக்கம் பழைய கிணற்றில் தூர்வார இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அதே பயம்தான். ஆனால் கப்பலில் விளக்கு கூடாது. தீப்பிடிக்கும், விஷவாயுவையும் காட்டாது. அளக்கும் கருவிதான் வேண்டும். அப்புறம், இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள்: கூட்டாளி விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மேலே நின்று கத்தி, மூச்சுக்கருவி மாட்டிய ஆட்களைக் கூப்பிட வேண்டும். காப்பாற்றப் போனவர்களும் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு பதறுவது அதனால்தான்.

கே: ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றுமதி செய்கிறேன். எடையைத் தோராயமாகப் போட்டால் என்ன?

ப: போடாதீர்கள். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை இல்லாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலக விதி. டைல்ஸ் இடத்தை அடைக்காது, எடையோ இழுக்கும். குறைத்து எழுதினால் அது மேலடுக்குக்குப் போய், கடல் ஆட்டத்தில் அடுக்கே சரியலாம். பலகை, பெட்டி எடையையும் சேருங்கள்.

கே: லெபனானின் பெய்ரூட் துறைமுக வெடிப்பு மாதிரி இங்கே நடக்குமா?

ப: அங்கே 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் (உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படும் ரசாயனம்) ஆறு வருடம் கேட்பாரில்லாமல் கிடந்து, 2020 ஆகஸ்ட் 4-ல் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னை மணலியில் 2015-லிருந்து பறிமுதலாகிக் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் பேச்சுக்கு வந்து, ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. பறிமுதல் சரக்கு வழக்கு முடியும்வரை கிடங்கில் தூங்குவதுதான் என் பெரிய கவலை.