பசியாறியாச்சா?

அன்புள்ள ஐயா,

நான் கும்பகோணத்துக்காரன். மலேசியாவில் காஜாங் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தணிக்கை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் நாள் அவசரத்தில் கொமுட்டர் ரயிலில் பெண்களுக்கான பெட்டியில் ஏறிவிட்டு, அடுத்த நிலையத்தில் தலைகுனிந்து இறங்கினேன். வாரம் முழுக்கப் பழைய ரசீதுகளை நகலெடுத்து அலமாரியில் அடுக்கியதுதான் வேலை. சனிக்கிழமை பத்துமலையில் 272 படிகளும் ஏறினேன். மாலையில் இரட்டைக் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. இங்குள்ள தமிழர் பேச்சில் பாதி மலாய். அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் அக்கா தினமும் ‘பசியாறியாச்சா?’ என்று, ஏதோ பிச்சைக்காரனைக் கேட்பதுபோலக் கேட்கிறார். அறைத் தோழர்களிடம் சொல்லிச் சிரித்தேன். பயிற்சி முடிய இன்னும் ஏழு வாரங்கள் உள்ளன. நகரத்தை அறிந்துகொள்ள எந்தெந்த இடங்களைப் பார்க்க வேண்டும்?

கா.

அன்புள்ள தம்பி,

நகலெடுக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முதல் வாரமே உங்களிடம் கையெழுத்துப் பொறுப்பையா கொடுப்பார்கள்? இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரம். நீங்கள் தேடிப் போகாவிட்டாலும் அதுவே கண்ணில் படும்.

அந்த அக்காவைச் சொல்லிச் சிரித்தீர்கள் என்ற வரியில் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். சென்ற வாரம்தான் என் பேத்தி, ‘தாத்தா, பிரேக்ஃபாஸ்ட் ஆச்சா?’ என்று கேட்டாள். என் அம்மா தன் ஆயுள் முழுக்கச் சொன்ன ஒரு சொல் என் வீட்டைவிட்டுப் போகிறதே என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மலேசியத் தமிழில் பசியாறுவது என்றால் காலை உணவு உண்பது. அதில் இரக்கமும் இல்லை, இளக்காரமும் இல்லை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் வேலைக்கு நடுவே தூக்குச்சட்டியைத் திறந்த நேரத்துக்கும் அதுதான் பெயர்.

உங்களைத் திட்டும் உரிமை எனக்கு உண்டு, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் வெளிநாட்டு மாணவன். 1983இல் சென்னையில் படித்தபோது, விடுமுறையில் ஓர் அச்சகத்தில் பயிற்சிக்குப் போனேன். தங்கியது திருவல்லிக்கேணியில். முதல் நாள் காலை மெஸ்ஸில் உட்கார்ந்து, ‘பசியாற என்ன இருக்கு?’ என்று கேட்டேன். இட்லித் தட்டோடு நின்ற பையன் முதலில் சிரித்தான். பிறகு வரிசையாக எல்லோரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க அச்சகத்தில் என் பெயரே ‘பசியாறு’தான். ஐந்தாம் நாள், மெய்ப்புப் பார்க்கும் கீழக்கரைப் பெரியவர் ஒருவர், கையிலிருந்த சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ‘இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் காலையில் எல்லோரும் பசியாறத்தான் செய்கிறோம்’ என்றார். ஈரம் காயாத அச்சுத்தாள்களுக்கு நடுவே எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் நாட்டுக் கடற்கரை ஊரில் இன்றும் புழங்கும் சொல்லை, கடல்கடந்து வந்து கேட்டு நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்.

இனி மலாய்க் கலப்புக்கு வருகிறேன். நீங்கள் நகலெடுத்த ‘ரசீது’ பாரசீகத்திலிருந்து வந்தது. அடுக்கிய ‘அலமாரி’ போர்த்துக்கீசியர் கொடுத்தது. அதைப் பூட்டும் ‘சாவி’யும் அவர்களுடையதே. கும்பகோணத்தில் இவற்றுக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே ஒருவர் சந்தையைப் பாசார் என்றாலோ, பொட்டலம் கட்டச் சொல்லும்போது பொங்குஸ் என்றாலோ மட்டும் தமிழ் கெட்டுவிடுமா? ரப்பருக்கு மலாய்க்காரர் சொல்லும் ‘கெத்தா’வைக் ‘கித்தா’ ஆக்கி, அந்தக் கித்தாக் காட்டிலேயே மூன்று தலைமுறை வாழ்ந்து முடித்தவர்களிடம் போய் வேறு சொல் தேடச் சொல்வீர்களா?

ஒரு வாரமாக இந்த நகரத்தில் நடக்கிறீர்களே, ஒரு பெயர்ப்பலகையையாவது நின்று படித்தீர்களா? திரும்பிய பக்கமெல்லாம் ‘கெடாய்’ என்று எழுதியிருக்கும். அது நம் கடை. நீச்சல்குளத்தை ‘கோலம் ரெனாங்’ என்பார்கள். அந்தக் கோலம் நம் குளம். குளிர்பதனப் பெட்டி ‘பெத்தி செஜுக்’, அதாவது குளிர்ப் பெட்டி. நீங்கள் வந்திறங்கிய விமானம் ‘கப்பால் தெர்பாங்’, பறக்கும் கப்பல். கணக்கியல் மாணவராகிய உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது: ஐந்து நாட்களாக நீங்கள் நகலெடுத்த தாள்களில் எங்காவது ‘மோடல்’ என்ற சொல் கட்டாயம் வந்திருக்கும். மூலதனத்துக்கு மலாய்ச் சொல் அது. வியாபாரத்தில் நாம் போடும் முதல்தான் அது. இயந்திரத்தின் கண்ணாடிமேல் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள்.

உடனே உலகமொழி எல்லாம் தமிழிலிருந்து வந்தன என்று வாட்சப்பில் முழங்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தைக் கண்டால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். நீங்கள் தவறுதலாக ஏறிய பெட்டியின்மேல் எழுதியிருக்கும் ‘வனித்தா’ சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. செய்யுளில் ‘வனிதையர்’ படித்து மதிப்பெண் வாங்கிய நீங்கள், ரயில் கதவில் அதைக் கண்டு நின்றிருக்க வேண்டும் என்பதோடு விட்டுவிடுகிறேன். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் இதே கோலாலம்பூரில்தான் நடந்தது. சென்னை இரண்டாவதை நடத்தியது 1968இல். கோலாலம்பூர் மாநாட்டுக்கு முன்னின்று உழைத்த தனிநாயகம் அடிகள் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் பேராசிரியர். இத்தனை நடந்த ஊரில் நின்றுகொண்டு, இங்கே தமிழ் சரியில்லை என்று தீர்ப்பு எழுத ஒரு வாரம் போதாது தம்பி.

இடம் கேட்டீர்கள். வரும் சனிக்கிழமை மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்குங்கள். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909இல் கட்டி முடித்த பள்ளிவாசல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு லெபோ அம்பாங் வரை நடந்து போங்கள். செட்டியார்கள் கிட்டங்கி என்ற வட்டிக்கடைக் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதலும் வட்டியும் எழுதிய தெரு அது. படம் எடுக்காமல் ஒருமுறை பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்கள். மற்ற இடங்களை உங்கள் அறைத் தோழர்கள் சொல்லிவிடுவார்கள்.

அதற்கு முன் திங்கட்கிழமை வருகிறது. அந்த அக்கா கேட்டதும், ‘ஆச்சுக்கா, நீங்க பசியாறிட்டீங்களா?’ என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் எல்லோருக்கும் முன்பே வந்து தண்ணீர் கொதிக்க வைப்பவர் அவர். அநேகமாக அவருக்கு ஆகியிருக்காது.