ஓடும் எஞ்சினும் நிற்கும் எஞ்சினும்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளுக்கு முன் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை இ.ஐ.ஆர்.-21 என்ற பழைய நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். நானும் என் அக்கா மகனும் பார்க்கப் போயிருந்தோம். விசில் அடித்து அது நகர ஆரம்பித்ததும், அறுபதைத் தாண்டிய நான் கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டிக் கூச்சல் போட்டேன். மருமகன் இயந்திரப் பொறியாளர். அவன் அசையவே இல்லை. “மாமா, இதில் பெரும்பகுதி புதிதாகச் செய்து போட்டது. பழைய பித்தான் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குப் புதுச் சட்டை தைத்திருக்கிறார்கள். இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்றான். அன்று தொடங்கிய வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? இவ்வளவு பழைய பொருளை அப்படியே அருங்காட்சியகத்தில் வைப்பதுதானே முறை? நிலக்கரிப் புகையைப் பார்த்துக் குதூகலிப்பதும் இந்தக் காலத்தில் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று, பேரனுக்கு ஓடுகிற நீராவி எஞ்சினைக் காட்ட வேண்டும். எங்கே அழைத்துப் போகலாம்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் மருமகன் கேட்டது பொறியாளர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் வழக்கில் தீர்ப்பு உங்கள் பக்கம். தாராளமாகக் கைதட்டலாம்.

நீங்கள் பார்த்த எஞ்சினின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹெவிட்சன் நிறுவனம் 1855இல் செய்தது. கப்பலேறி வந்து கிழக்கிந்திய ரயில்வேயில் உழைத்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856 ஜூலை 1 அன்று. அதாவது, நம் ஊரில் பயணிகள் ரயில் என்ற ஒன்று ஓடுவதற்கு முன்பே பட்டறையை விட்டு வெளியே வந்த எஞ்சின் அது. 1909இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். ஜமால்பூரிலும் ஹௌராவிலும் நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனை அதை மறுபடி ஓட வைத்தது. அதே நிறுவனம் அதே ஆண்டில் செய்த உடன்பிறப்பான ஃபேரி குவீன் அதற்கு முன்பே, 1997இல், ஓட்டத்துக்குத் திரும்பி, மறு ஆண்டே கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்திருந்தது.

நூறாண்டு சும்மா நின்ற எஞ்சினில் காணாமல் போனவை, துருவேறியவை, தேய்ந்தவை எல்லாம் இருக்கும். உதிரி பாகத்துக்கு எந்தக் கடைக்கும் போக முடியாது. பெரம்பூர்க்காரர்கள் தேவையானவற்றைச் செய்துதான் பொருத்தினார்கள். இதை யாரும் மறைக்கவில்லை. மருமகன் இதைக் குறையாகப் பார்க்கிறார். நீராவி எஞ்சின்கள் பணியில் இருந்த காலத்தில் பணிமனைகளில் அன்றாடம் நடந்தது என்ன என்று அவர் யோசித்துப் பார்க்கவேண்டும்.

ஒரு எஞ்சின் பெரிய பழுதுபார்ப்புக்கு வந்தால் முதலில் பாய்லரைக் கழற்றிவிடுவார்கள். பாய்லரைப் பழுதுபார்க்கத்தான் அதிக நாள் பிடிக்கும். அதுவரை எஞ்சினை முடக்கி வைப்பானேன்? அதே வகையைச் சேர்ந்த இன்னொரு எஞ்சினுக்குரிய பாய்லர் தயாராக இருந்தால், அதைத் தூக்கி வைத்து அனுப்பிவிடுவார்கள். சிலிண்டர், சக்கரத்தின் இரும்புப் பட்டை, பாய்லர் குழாய்கள் எல்லாம் தேயத் தேய மாற்றப்பட்டவை. 1923இல் டான்காஸ்டரில் செய்யப்பட்டு, நீண்ட மறுசீரமைப்புக்குப் பிறகு 2016இல் ஓட்டத்துக்குத் திரும்பிய ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் தன் வாழ்நாளில் எத்தனையோ பாய்லர்களைச் சுமந்திருக்கிறது. அவற்றில் மற்ற எஞ்சின்களிலிருந்து வந்தவையும் உண்டு. அதை ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் இல்லை என்று சொல்ல இங்கிலாந்தில் யாருக்கும் துணிவு வராது.

அசல் அசல் என்கிறோமே, எந்த ஆண்டின் அசல்? நீராவியின் விசையாலேயே பாய்லருக்குள் தண்ணீரைச் செலுத்தும் இன்ஜெக்டர் என்ற கருவிக்கு, பிரான்ஸின் ஹென்றி ஜிஃபார் காப்புரிமை பெற்றது 1858இல். அதற்கு முன் எஞ்சின்களின் தண்ணீர் பம்பு எஞ்சினின் ஓட்டத்தால்தான் இயங்கும். நின்றுகொண்டிருக்கும் எஞ்சினுக்குத் தண்ணீர் ஏறாது. ரயில் புறப்படத் தாமதமானால் டிரைவர் எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு, பாய்லர் நிறைவதற்காகவே முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருப்பார். இன்ஜெக்டர் வந்தபின் பழைய எஞ்சின்கள் பலவற்றுக்கும் அதைப் பொருத்தினார்கள். அப்படியானால் பம்போடு பிறந்தது அசலா, இன்ஜெக்டரோடு உழைத்தது அசலா?

1829இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த எஞ்சின் போட்டியில் வென்ற, ஸ்டீபன்சனின் ராக்கெட் என்ற எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இங்கிலாந்தில் அருங்காட்சியகப் பொருளாகத்தான் இருக்கிறது. போட்டியன்று அதன் சிலிண்டர்கள் நன்றாகச் சாய்ந்திருந்தன. ஓடும்போது எஞ்சின் ஆட்டம் கண்டதால், சீக்கிரமே அவற்றைக் கிட்டத்தட்டப் படுக்கை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, தொடாமல் பாதுகாத்து வைத்திருக்கும் பொருளும் போட்டியில் ஓடிய அதே வடிவில் இல்லை. சிலிண்டர்கள் சாய்ந்திருக்கும் பழைய கோலத்தைப் பார்க்க வேண்டுமென்றால், 1979இல் புதிதாகச் செய்த மறுபிரதியைத்தான் பார்க்க வேண்டும்!

இதனால் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வகையில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்து, அதன் இரும்பே நமக்குச் சான்றாக இருக்குமானால் அதைத் தொடக்கூடாது. பழைய ஆணியின் தலை, அடித்து வளைத்த தகட்டில் சுத்தியல் விட்ட தழும்பு, இவற்றைப் பழுதுபார்ப்பு அழித்துவிடும். ராக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு மறுபிரதியை ஓட்டுவதுதான் சரி. மருமகன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. எந்தப் பாகம் 1855இல் செய்தது, எது 2010இல் செய்தது என்று பார்க்க வருபவர்களுக்கு யாராவது சொல்கிறார்களா? இந்தியாவில் எந்தப் பாரம்பரிய ஓட்டத்துக்குப் போனாலும் மாலை, கொடி, பூசணிக்காய் எல்லாம் இருக்கும். இந்தத் தகவலைச் சொல்லும் பலகை மட்டும் என் கண்ணில் பட்டதில்லை. புதிய பாகத்தில் ஆண்டைப் பொறித்து வைத்தால் எஞ்சினுக்கு ஒரு இழுக்கும் வராது. செய்தவர்களுக்குப் பெருமைதான்.

சரி, நிற்கிற எஞ்சினால் காட்ட முடியாத எதை ஓடுகிற எஞ்சின் காட்டுகிறது? சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு முறை ‘சக்’ என்று கேட்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனின் இரு பக்கமும் மாறி மாறி நீராவி வேலை செய்கிறது. பிஸ்டனின் அசைவைச் சக்கரத்தின் சுழற்சியாக்கும் இரண்டு பக்கத்துக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருப்பதால் நான்கு வெளியேற்றங்களும் சம இடைவெளியில் விழுகின்றன. அப்படி வெளியேறுகிற நீராவியை வீணாக விடுவதில்லை. புகைபோக்கிக்கு நேர் கீழே குறுகலான வாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். அது போகிற வேகத்தில் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பில் அடுப்புக்குள் காற்று பாய்கிறது, தீ கொழுந்துவிடுகிறது. ஏற்றத்தில் எஞ்சின் திணறத் திணற வெளியேற்றம் வலுக்கும், தீயும் தானாகவே உக்கிரமாகும். எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு தீ! எந்த மின்னணுக் கட்டுப்பாடும் இல்லாமல், ஒரு குழாயின் வாயை இருக்கவேண்டிய இடத்தில் வைத்ததால் மட்டும் நடக்கிற காரியம் இது. நின்ற எஞ்சினில் அது வெறும் குழாய். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நான்கை எண்ணிப் பாருங்கள் என்று மருமகனிடம் சொல்லுங்கள். பொறியாளர் அல்லவா, அசைந்து கொடுப்பார்.

இன்னொன்று, கை. பத்துப் பேர் விசிலைப் படம் பிடிக்கும்போது நான் அடுப்பில் கரி போடும் ஃபயர்மேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கரியை ஒரேயடியாகக் கொட்டினால் தீ மூச்சடைத்துக் கரும்புகை கக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடுப்புத் தட்டில் எங்கே ஒளி அதிகமாகிக் கரி மெலிந்திருக்கிறதோ அங்கே பார்த்து வீச வேண்டும். வீசிவிட்டு நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்ப்பார். மெல்லிய சாம்பல் நிறமாக இருந்தால் சரி. அடுத்த பார்வை, நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்கு. அடுப்பின் மேல்தகட்டின் மீது எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது வற்றினால் தகடு பழுக்கக் காய்ந்து, நீராவி அழுத்தத்தில் பிய்ந்துவிடும். அந்த நிலை வருவதற்கு முன்பே உருகி எச்சரிப்பதற்காகத்தான் அங்கே ஈயம் நிரப்பிய ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தில் பாய்லர் சாய்கிறபோது கண்ணாடியில் தெரியும் மட்டமும் மாறும். எந்த இடத்தில் எவ்வளவு காட்டினால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அந்தப் பாதையில் போய்ப் பழகியவருக்குத்தான் தெரியும்.

மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் நீராவி எஞ்சின் தயாரிப்பு 1972இல் நின்றது. எஞ்சின் ஓட்டியே வயதானவர்களும் பாய்லர் வேலை தெரிந்தவர்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். காட்சிக்கு நிறுத்தி வைத்த எஞ்சினுக்கு வர்ணம் பூச ஒரு ஆள் போதும். ஓடுகிற எஞ்சினுக்கோ, பாய்லரை நீர் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த ஒருவர், குழாய் முனைகளை விரித்துக் கசிவில்லாமல் பொருத்த ஒருவர், தாங்கிகளை (பேரிங்குகளை) சுரண்டிச் சமன்செய்ய ஒருவர், குளிர்ந்து கிடக்கிற பாய்லரை அவசரப்படாமல் பல மணி நேரம் சூடேற்ற ஒருவர் என்று ஆள் வேண்டும். பெரம்பூர்க்காரர்கள் ஒரு எஞ்சினை ஓட்டிக் காட்டியபோது, இந்த வேலைகளை மறுபடி ஒருமுறை தம் கையால் செய்து பார்த்தவர்கள் உருவானார்கள். நீங்கள் கைதட்டியதில் பாதியாவது அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது.

புகையைப் பற்றிக் கேட்டீர்கள். நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றாது. அன்றாடப் போக்குவரத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று சித்தசுவாதீனமுள்ள எவரும் கேட்கமாட்டார். அபூர்வமாக ஓடுகிற ஒன்றுக்காக நீங்கள் கூசவேண்டிய அவசியமில்லை.

பேரனை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போங்கள். விழா ஓட்டங்கள் எப்போது நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். நீலகிரி மலை ரயிலில் நீராவி இன்றும் பிழைப்புக்காக உழைக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்கள் அந்தப் பாதையில் பல காலம் உழைத்தன. அந்த எஞ்சின்கள் தேய்ந்தபோது, பொன்மலைப் பணிமனை 2010களில் அதே வகையில் எண்ணெய் எரித்து ஓடும் எஞ்சின்களைப் புதிதாகவே செய்து அனுப்பியது. மருமகனையும் கூட்டிப் போங்கள். முழுக்கப் புதிய எஞ்சினை எந்தப் பெயரிட்டு மறுப்பார் என்று பார்க்கலாம்.

சில யோசனைகள். டிக்கெட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. மலையேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முன் பெட்டியில் காட்சி நன்றாக இருக்கும் என்பார்கள். பேரனுக்கு எஞ்சின்தான் வேண்டுமென்றால் கடைசிப் பெட்டி கிடைக்கிறதா பாருங்கள். கல்லாறு வரை எஞ்சினின் நான்கு சிலிண்டர்களில் இரண்டு மட்டும் வேலை செய்யும். அங்கே பல்சக்கரப் பாதை (தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பாதை) தொடங்கியதும் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும், சத்தம் மாறுவது காதுக்கே தெரியும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி எஞ்சினருகே போய் நில்லுங்கள். குன்னூர் தாண்டினால் டீசல் எஞ்சின் மாட்டிவிடுவார்கள் என்பதால், பேரன் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் அதற்குள் பதில் சொல்லிவிடுவது நல்லது.

அன்புடன்.